ஒழுகும் பழைய ஸ்பா தொட்டி: சரிசெய்வதா, வேறு வேலைக்குத் திருப்புவதா?

பத்துப் பதினைந்து வருடம் ஓடிய ஸ்பா தொட்டி (வெந்நீரை ஜெட்டுகளால் பீய்ச்சும் குளியல் தொட்டி) ஒழுக ஆரம்பித்ததும், "இதற்கு இன்னும் ஆயுள் இருக்கிறதா?" என்ற கேள்விதான் முதலில் வரும். தொட்டியின் வயதை வைத்து அதற்குப் பதில் சொல்ல முடியாது. தண்ணீர் எந்த இடத்தில் வெளியேறுகிறது என்பதை வைத்துத்தான் சொல்ல முடியும். பம்ப் அடியில் சொட்டினால் அரை நாள் வேலை. ஃபோமுக்குள் புதைந்த குழாயில் ஒழுகினால் எத்தனை நாள் இழுக்கும் என்று யாராலும் முன்கூட்டிச் சொல்ல முடியாது. ஓடே, அதாவது தொட்டியின் உடலே, விரிசல் விட்டிருந்தால் வெந்நீர் ஆசையை விட்டுவிடலாம். ஆனால் அந்த ஓட்டில் செடி வளர்க்க எந்தத் தடையும் இல்லை.

இங்கே பேசுவது அக்ரிலிக் ஓடும் அதன் பின்னால் பைபர்கிளாஸும், சுற்றிலும் ஃபோமும் பக்கப் பலகையும் உள்ள, தரைமேல் வைக்கும் தொட்டியைப் பற்றி. கான்கிரீட்டில் கட்டிய ஸ்பாவின் கணக்கு வேறு. அதில் விளக்குக் குழி, டைல் வரி, மண்ணுக்குள் போகும் குழாய் ஆகிய மூன்றும்தான் வழக்கமான சந்தேகப் புள்ளிகள். மரப்பலகைத் தொட்டி காய்ந்துபோய் ஒழுகினால் அவசரப்பட்டு எதையும் பூச வேண்டாம். சில நாள் தண்ணீர் நிற்கவிட்டால் பலகை ஊறி, இடைவெளி தானே மூடிக்கொள்ளும்.

கசிவைப் பிடிப்பது

ஓட்டின் உள்பக்கம் நீர்மட்டத்தில் ஒரு டேப் துண்டை ஒட்டுங்கள். மூடி போட்டு, பம்ப் வழக்கம்போல ஓடும் நிலையில் 24 மணி நேரம் விட்டு எவ்வளவு இறங்கியது என்று அளந்துகொள்ளுங்கள். பிறகு மெயின் சுவிட்சை அணைத்துவிட்டு இன்னொரு 24 மணி நேரம். சுமார் 2 மீட்டருக்கு 2 மீட்டர் உள்ள தொட்டியில் மட்டம் 1 செ.மீ. இறங்கினால் ஏறக்குறைய 35 லிட்டர் போயிருக்கிறது. மூடியிருக்கும் தொட்டியில் ஒரே நாளில் இவ்வளவு ஆவியாகாது.

பம்ப் ஓடும்போது மட்டும் அதிகமாக இறங்கினால் பம்புக்குப் பிறகு வரும் தள்ளும் பக்கத்தில் கசிவு: ஹீட்டர் யூனியன் (கழற்றி மாட்டக்கூடிய குழாய் இணைப்பு), மேனிஃபோல்ட் (ஒரு குழாய் பல கிளையாகப் பிரியும் இணைப்பு), ஜெட்டுக்குப் போகும் சிறு குழாய்கள். இரண்டு நாளும் ஒரே அளவு இறங்கினால் ஓட்டின் துளைகளையும், எப்போதும் நீர் நிற்கும் குழாய்களையும் பார்க்க வேண்டும். காற்று வால்வுகளை மூடிய பிறகும் ஜெட்டில் குமிழி வந்துகொண்டே இருந்தால், உறிஞ்சும் பக்கத்தில் எங்கோ காற்று புகுகிறது. நீர்மட்டம் குறைந்து வடிகட்டி வாய் காற்றை இழுத்தாலும் இதே அறிகுறி வரும், அதை முதலில் தள்ளிவிடுங்கள்.

அடுத்த சோதனைக்குப் பொறுமை மட்டும் போதும். மின்சாரத்தை அணைத்தே வைத்துவிட்டுத் தண்ணீரைத் தானாக இறங்க விடுங்கள். எந்த உயரத்தில் வந்து நிற்கிறதோ, கசிவு அந்த உயரத்தில் இருக்கிறது. ஒரு வரிசை ஜெட்டுக்கு நேராக நின்றால் அந்த ஜெட்டுகளின் கேஸ்கெட்டை (நீர் கசியாமல் தடுக்கும் ரப்பர் வளையம்) சந்தேகப்படலாம். கால்குழி (உட்காரும்போது கால் வைக்கும் நடுப்பள்ளம்) வரை இறங்கினால் அடியிலுள்ள உறிஞ்சும் வாய், வடிகால் வால்வு, பம்ப் ஆகியவற்றைப் பாருங்கள். நிற்கும் மட்டத்தில் உள்ள ஒவ்வொரு ஜெட்டின் ஓரத்திலும் உணவு நிறமி இரண்டு சொட்டு விட்டால், ஒழுகும் இடத்தில் நிறம் மெல்லிய கோடாக உள்ளே இழுபடுவது கண்ணுக்கே தெரியும். தண்ணீர் அசையாமல் இருக்க வேண்டும் என்பதால் பம்ப் ஓடக் கூடாது.

மோட்டார் அறையில் ஒழுகினால்

இது நல்ல செய்தி. கதவுப் பலகையைக் கழற்றி, தரையைத் துடைத்து, பம்ப், ஹீட்டர், வால்வு ஒவ்வொன்றுக்கும் கீழே காய்ந்த அட்டைத் துண்டு ஒன்றை வைத்தால் எது முதலில் நனைகிறதென்று பார்த்துவிடலாம்.

யூனியன் ஒழுகினால் பெரும்பாலும் உள்ளே இருக்கும் ஓ-ரிங்தான் காரணம். அந்த மரையில் டெஃப்லான் டேப் சுற்றிப் பயனில்லை. மரை இறுக்கிப் பிடிக்க மட்டுமே, நீரைத் தடுப்பது ரப்பர். புது ஓ-ரிங் போட்டு, சிலிக்கான் கிரீஸ் மெல்லிதாகத் தடவி, கையால் இறுகும்வரை திருகி, அதன்பின் கால் சுற்று போதும். வாஸ்லீன் தடவாதீர்கள். பெட்ரோலிய கிரீஸ் பல ரப்பர் வகைகளை ஊதிப்போகச் செய்துவிடும்.

பம்பின் முன்தலைக்கும் (தண்ணீர் சுழலும் முன்பகுதி) மோட்டாருக்கும் நடுவில் சொட்டினால், மோட்டார் தண்டைச் சுற்றி நீரைத் தடுக்கும் ஷாஃப்ட் சீல் போய்விட்டது. தண்ணீர் இல்லாமல் சில நிமிடம் ஓடினாலே சீல் கெட்டுவிடும். pH குறைந்த, குளோரின் தூக்கலான தண்ணீரும் மெதுவாக அதே வேலையைச் செய்யும். வால்வுகளை மூடி, இரண்டு யூனியனையும் கழற்றி, பம்பை வெளியே எடுங்கள். முன்தலை போல்ட்டுகளை அவிழ்த்து, மோட்டாரின் பின்பக்கம் ஷாஃப்டைப் பிடித்துக்கொண்டு இம்பெல்லரை (நீரைத் தள்ளும் சுழல்தட்டு) இடஞ்சுழியாகத் திருப்பினால் பெரும்பாலான பம்புகளில் கழன்றுவிடும். சீலின் இரண்டு பாதிகள் மாறிப்போகக் கூடாது: செராமிக் பாதி முன்தலைத் தகட்டிலும், ஸ்பிரிங் உள்ள கார்பன் பாதி இம்பெல்லரிலும் உட்கார வேண்டும். பளபளப்பான முகங்களை விரலால் தொட வேண்டாம், ரப்பர் வழுக்கிப் போக சோப்புத் தண்ணீர் போதும், எண்ணெய் வேண்டாம். விரல் பிசுக்கு ஒட்டிய முகம் அடுத்த மாதமே மறுபடி சொட்டும்.

பம்ப் ஓடும்போது கீச்சென்று கத்துகிறதென்றால் ஒழுகிய நீர் ஏற்கெனவே முன் பேரிங்குக்குள் போயிருக்கிறது. அப்போது சீலை மட்டும் மாற்றுவது பாதி வேலை. பேரிங்கும் மாற்ற வேண்டும், அல்லது முழுப் பம்பையே மாற்றலாம். புதுப் பம்ப் வாங்கும்போது குதிரைசக்தியை மட்டும் பார்த்து ஏமாறாதீர்கள். மோட்டார் பட்டையில் எழுதியிருக்கும் ஆம்பியர், மோட்டார் உடலின் ஃபிரேம் அளவு (48 அல்லது 56), ஒரு வேகமா இரண்டு வேகமா, குழாய் வாய் எந்தப் பக்கம் நோக்குகிறது என்ற நான்கும் பொருந்த வேண்டும்.

ஜெட்டும், ஃபோமுக்குள் குழாயும்

ஜெட் கேஸ்கெட்டை முன்பக்கம் இருந்தே சரிசெய்ய முடிகிற மாடல்கள் உண்டு. தண்ணீரை அந்த ஜெட்டுக்குக் கீழே இறக்கி, முன்வளையத்தைக் கழற்றி, பழைய சிலிக்கானைச் சுரண்டி, ஓடு நன்றாகக் காய்ந்த பிறகு புது கேஸ்கெட்டும் மெல்லிய சிலிக்கான் வரியும் வைத்து இறுக்க வேண்டும். ஈர ஓட்டில் வைத்த சிலிக்கான் நிற்காது. ஒருவர் முன்னால் திருக, இன்னொருவர் பின்னால் ஜெட் உடலைப் பிடித்துக்கொள்ள முடிந்தால் நல்லது. இல்லையென்றால் உடலும் சேர்ந்து சுழன்று, ஒட்டியிருந்த சிறு குழாய் முறிந்து, ஒரு கசிவு இரண்டாகும்.

ஃபோமுக்குள் என்றால் தோண்டத்தான் வேண்டும். நனைந்த இடம்தான் கசியும் இடம் என்று நம்பிவிடாதீர்கள். தண்ணீர் குழாயை ஒட்டியே ஓடி ஒரு மீட்டர் தள்ளி வெளியே வரும். ஈரத்தின் தடத்தைப் பிடித்து மேல்நோக்கிப் போக வேண்டும். மொட்டைக் கரண்டியும், முனை மழுங்கிய ஸ்க்ரூடிரைவரும், கையும்தான் கருவி. டிரில், வாள் எடுத்தால் நல்ல குழாயையும் அறுத்துவிடுவீர்கள். பெரும்பாலும் அகப்படுவது 20 மி.மீ. சிறு குழாய்கள் பல கிளையாகப் பிரியும் மேனிஃபோல்ட்தான். அதன் பற்கள் வயதாகி நொறுங்கிப்போயிருக்கும். குழாயை நீட்டுவாக்கில் கீறி எடுத்து, நுனியை வெந்நீரில் முக்கி இளக்கி, புது மேனிஃபோல்டில் செருகி, எவர்சில்வர் கிளாம்ப் போடுங்கள். நெருப்பு காட்டக் கூடாது.

பிவிசி மூட்டு என்றால் வெட்டு நேராக இருக்க வேண்டும், பிசிறைச் சீவ வேண்டும், பிரைமர் பூசி, இரண்டு பக்கமும் பசை தடவி, கால் சுற்றுத் திருப்பிச் செருகி அரை நிமிடம் அழுத்திப் பிடிக்க வேண்டும். வளையும் குழாய்க்கு அதற்கென்று உள்ள பசையையே வாங்குங்கள். அந்தக் குறுகிய அறையில் பசை ஆவி தங்கும், தீப்பற்றவும் கூடும். மின்சாரத்தை அணைத்து, எல்லாப் பலகைகளையும் கழற்றிவிட்டே ஒட்டுங்கள். 24 மணி நேரத்துக்குப் பின் தண்ணீர் நிரப்பி, சூடேற்றி, குறைந்தது இரண்டு நாள் குழியைத் திறந்தே வைத்துப் பாருங்கள். குளிர்ந்த நீரில் பிடித்த மூட்டு, குழாய் சூட்டில் விரியும்போது மறுபடி வாய் திறக்கலாம். அதற்கு முன் ஃபோமை ஊற்றி மூடுவது வீண்வேலை.

நனைந்த ஃபோம் லேசில் காயாது, சூட்டையும் தக்கவைக்காது. வெட்டி எடுத்துவிட்டு இரு கலவை ஃபோம் ஊற்றுங்கள். டப்பாவில் வரும் ஸ்ப்ரே ஃபோம் காற்றின் ஈரத்தால் இறுகுவது. அதைத் தடிமனாக அடித்தால் நடுவில் பச்சையாகவே கிடக்கும்.

தண்ணீரில் ஊற்றும் கசிவடைப்பு மருந்து பற்றி ஒரு வார்த்தை. இவற்றில் பல சோடியம் சிலிகேட் அடிப்படையிலானவை. ஃபோமுக்குள் வியர்வை போலக் கசியும் ஒரு மூட்டைச் சில சமயம் அடைத்துவிடும். வடிகட்டியைக் கழற்றிவிட்டு, குப்பியில் சொல்லியபடி ஓடவிட்டு, கசிவு நின்றதும் தண்ணீரை மாற்ற வேண்டும். தோண்டுவதற்கு முன் ஒரே ஒரு முறை முயலலாம். ஷாஃப்ட் சீலுக்கும், ஒரு நாளில் கையகலம் இறங்கும் கசிவுக்கும் அது எடுபடாது.

உறைபனியில் தண்ணீரோடு விட்ட தொட்டி தனி ரகம். நீர் உறைந்தால் கனஅளவு சுமார் 9 சதவீதம் கூடும். அது ஒரே இடத்தில் வெடிப்பதில்லை. ஒன்றை ஒட்டி நிரப்பினால் அடுத்தது தெரியும், அதை ஒட்டினால் மூன்றாவது. இந்தக் கதை என்று உறுதியானால் தோண்டாமல் நேராக மாற்று வழிகளைப் படிப்பதே மேல்.

எங்கே நிறுத்துவது

கசிவைத் தவிர மூன்று செலவுகளைக் கணக்கில் சேருங்கள். முதலாவது மூடி. வெந்நீரின் வெப்பம் பெரும்பாலும் மேல்வழியாகத்தான் போகிறது. தண்ணீர் குடித்துக் கனத்துப்போன மூடியை மாற்றாமல் தொட்டியைச் சரிசெய்தால் மின்கட்டணம் கையைக் கடிக்கும். 1,500 லிட்டர் நீரை 1 டிகிரி சூடேற்ற 1.75 யூனிட் வேண்டும். 20 டிகிரியிலிருந்து 38 வரை ஏற்ற 31 யூனிட்டுக்கு மேல், 5.5 கிலோவாட் ஹீட்டரில் ஆறு மணி நேரம்.

இரண்டாவது ஹீட்டர். மின்சாரத்தைத் துண்டித்து, ஒயர்களைக் கழற்றி மல்டிமீட்டரில் பாருங்கள். 230 வோல்ட், 5.5 கிலோவாட் எலிமென்ட் சுமார் 9.6 ஓம் காட்ட வேண்டும். முனைக்கும் எர்த்துக்கும் இடையில் தொடர்பே இருக்கக் கூடாது. ஓம் சரியாக இருந்தும் 30 மில்லி ஆம்பியர் ஆர்.சி.சி.பி. (மின்கசிவு வந்தால் மின்சாரத்தைத் துண்டிக்கும் சுவிட்ச்) விழுகிறது என்றால் எலிமென்ட் உறை கசிகிறதா என்று எலக்ட்ரீஷியனிடம் இன்சுலேஷன் சோதனை செய்யச் சொல்லுங்கள். ஆர்.சி.சி.பி.யைத் தாண்டி நேராக இணைத்து ஓட்டுவது உயிரோடு விளையாடுவது. மூன்றாவது கன்ட்ரோல் போர்டு. பழைய மாடலுக்குக் கிடைக்காவிட்டால் போர்டு, ஹீட்டர், தொட்டியின் மேலே உள்ள பொத்தான் பலகை மூன்றும் சேர்ந்த பொது பேக் போட வேண்டிவரும்.

எங்கள் அளவுகோல் இது. மோட்டார் அறைக் கசிவு மட்டும் என்றால் யோசிக்காமல் சரிசெய்யுங்கள். ஃபோமுக்குள் கசிவு, ஆனால் மூடி, ஹீட்டர், போர்டு நன்றாக இருக்கின்றன என்றால் இரண்டு நாள் தோண்டிப் பாருங்கள், அதற்கு மேல் வேண்டாம். ஃபோம் கசிவோடு இந்த மூன்றில் இரண்டும் போயிருந்தால் பழுதுபார்ப்பதை விடுங்கள்.

ஓட்டு விரிசலில் ஒரு விஷயத்தை மட்டும் பாருங்கள்: கையால் அழுத்தினால் அந்த இடம் அமுங்குகிறதா? மேற்பரப்பில் சிலந்திவலை போலப் படர்ந்த கீறல் அழகைக் கெடுக்கும், அவ்வளவுதான். அமுங்கினால் பின்னால் தாங்குதல் இல்லை. மேலே எபாக்சி பூசினாலும் ஆள் உட்காரும்போது பக்கத்தில் மறுபடி விரியும். அடியில் தாங்குதல் கொடுத்து, விரிசலின் இரு நுனியிலும் 3 மி.மீ. துளையிட்டு, V வடிவில் தேய்த்து, பின்பக்கம் பைபர்கிளாஸ் ஒட்ட இடம் இருந்தால் மட்டும் இறங்குங்கள்.

குறைத்துக் கட்டுவது

பழுதுக்கும் மாற்றுப் பயனுக்கும் நடுவில் இப்படி ஒரு வழி இருப்பதைப் பலர் யோசிப்பதில்லை. முப்பது நாற்பது ஜெட்டையும் காற்றுக் குழாய்களையும் கைவிட்டு, வெறும் வெந்நீர்த் தொட்டியாக வைத்துக்கொள்வது. உறிஞ்ச இரண்டு வாய், திரும்பிவர இரண்டு வாய் போதும். இரண்டு உறிஞ்சு வாயையும் ஒரு T வடிவ இணைப்பில் சேர்த்தால், ஒன்று உடலாலோ முடியாலோ அடைபட்டாலும் மற்றது இழுக்கும், யாரும் சிக்கிக்கொள்ளும் ஆபத்து குறையும். உடைந்த, தேதி முடிந்த உறிஞ்சு மூடியோடு எந்தத் தொட்டியிலும் யாரும் இறங்கக் கூடாது.

மற்றத் துளைகளை அடைக்க, பின்னால் கை போகிற ஜெட்டில் குழாயை வெட்டி, ஜெட் உடலின் வாயிலேயே பிவிசி மூடி ஒட்டுங்கள். கை போகாதவற்றை முன்னால் இருந்து அடைக்கலாம்: துளையைச் சுற்றி 5 செ.மீ. வரை 80 எண் உப்புத்தாளால் சொரசொரப்பாக்கி, பைபர்கிளாஸ் துணி மூன்று அடுக்கை எபாக்சியில் ஒட்ட வேண்டும். துடைக்க அசிட்டோன் வேண்டாம், அது அக்ரிலிக்கைக் கரைக்கும். புதுக் குழாய்கள் ஃபோமுக்கு வெளியே, யூனியனோடு, கைக்கெட்டும் இடத்தில் ஓடட்டும். எடுத்த ஃபோமுக்குப் பதில் பக்கப் பலகையின் உள்முகத்தில் 50 மி.மீ. எக்ஸ்.பி.எஸ். (வெப்பம் கடத்தாத கெட்டி ஃபோம்) பலகை வையுங்கள். சின்ன சுழற்சிப் பம்ப் போதும் என்பதால் ஓட்டும் செலவும் இறங்கும். ஜெட் மசாஜ் போய்விடும். அதற்காகவே வாங்கியவர்களுக்கு இந்த வழி பிடிக்காது.

இதே கட்டமைப்பில் ஹீட்டருக்குப் பதில் சில்லர் (நீரைக் குளிர்விக்கும் கருவி) வைத்தால் குளிர்நீர்த் தொட்டி. 1,500 லிட்டரை 28 டிகிரியிலிருந்து 12க்கு இறக்க 28 யூனிட் வெப்பத்தை வெளியேற்ற வேண்டும். 2.5 கிலோவாட் குளிர்விக்கும் திறன் உள்ள சில்லருக்கு அது பதினொரு மணி நேர வேலை. தொட்டியின் ஃபோமும் மூடியும் இங்கேயும் உதவும். வடிகட்டலும் கிருமிநாசினியும் குளிர்நீருக்கும் தேவை.

மீன்குளம்

கசிவு முழுக்கக் குழாயில்தான் என்றால் குளமாக மாற்றும்போது அந்தப் பிரச்சினையே இல்லாமல் போகிறது. குழாய்களை அறுத்து, உள்ளே தேங்கிய அழுக்கு நீரை வடித்துவிட்டு, ஓட்டின் மேல் 1 மி.மீ. இ.பி.டி.எம். ரப்பர் விரிப்பைப் போட்டுவிடலாம். அளவுக் கணக்கு: நீளம், அதோடு இரண்டு மடங்கு ஆழம், அதோடு ஓரத்துக்கு 60 செ.மீ. 2 மீட்டர் நீளம், 0.9 மீட்டர் ஆழம் என்றால் 4.4 மீட்டர். அகலத்துக்கும் இதே கணக்கு.

ஜெட் முகங்களைக் கழற்றி, துளைகளில் ஃபோம் அடித்து, ஓட்டோடு சமமாகச் சீவிய பிறகுதான் விரிப்பு. துளையை அப்படியே விட்டால் நீரின் எடை ரப்பரை அதற்குள் தள்ளி ஒரு நாள் கிழித்துவிடும். விரிப்புக்கு அடியில் தடித்த ஜியோடெக்ஸ்டைல் துணியும் (நீர் புகும், மண் புகாத செயற்கை இழைத் துணி) வேண்டும். இருக்கைகளின் மேல் தொட்டிச் செடிகளை வைக்கலாம், கால்குழி மீனுக்கு.

பழைய ஜெட் பம்பையே குளத்துக்கு ஓட்டலாம் என்று தோன்றும். அது 1.5 கிலோவாட்டுக்கு மேல் இழுக்கும். இந்த அளவு குளத்தை மணிக்கு ஒரு முறை சுற்ற 20 முதல் 40 வாட் குளத்துப் பம்பே போதும். புதுக் குளத்தில் அம்மோனியாவைச் சமாளிக்கும் பாக்டீரியா நிலைபெற நான்கு முதல் ஆறு வாரம் ஆகும். அதுவரை ஓரிரு மீனுக்கு மேல் விடாதீர்கள். தங்கமீன் சில தாங்கும். கோய் மீனுக்கு இந்த இடம் பற்றாது. சிறு குழந்தைகள் வரும் இடம் என்றால் நீர்மட்டத்துக்கு மேலே இரும்பு வலை பொருத்துவது கட்டாயம்.

செடித்தொட்டி

விரிசல் விட்ட ஓட்டுக்கு இதுவே சரியான வழி. சாதாரண முறையில் கால்குழியில் 20-25 மி.மீ. துளை பத்துப் பன்னிரண்டு போட வேண்டும். ஓட்டோடு நின்றுவிடக் கூடாது, அடித்தட்டையும் சேர்த்துத் துளைக்க வேண்டும். பைபர்கிளாஸ் தூசிக்கு முகக்கவசம், கண்ணாடி, முழுக்கைச் சட்டை அவசியம். துளைமேல் ஜியோடெக்ஸ்டைல், உடனே மண். அடியில் ஜல்லி போட்டால் நீர் நன்றாக வடியும் என்ற நம்பிக்கை தவறு. மண்ணுக்கும் ஜல்லிக்கும் நடுவில் நீர் தேங்கி நிற்கும், வேருக்கான ஆழமும் போகும்.

கால்குழியில் விரிசல் இல்லையென்றால் இன்னும் நல்ல ஏற்பாடு ஒன்று உண்டு: அடியில் நீரைத் தேக்கி, மண் அதைத் தானே உறிஞ்சிக்கொள்ளும் முறை. ஸ்பாவின் வடிவம் இதற்கென்றே செய்ததுபோல் இருக்கிறது. கால்குழியில் உள்ள மூன்று நான்கு துளைகளை மட்டும் அடைத்தால் போதும், மேலே இருக்கும் ஜெட் எதையும் தொட வேண்டாம். 80 செ.மீ.க்கு 80 செ.மீ. கால்குழியில் 30 செ.மீ. உயரம் ஜல்லி நிரப்பினால், இடைவெளிகளில் சுமார் 70 லிட்டர் நிற்கும். இங்கே ஜல்லியின் வேலை நீரைத் தாங்குவது. ஜல்லியின் மேல்மட்டத்தில் ஒரு 25 மி.மீ. வழிந்தோடும் துளை, நீர் ஊற்ற அடிவரை போகும் 50 மி.மீ. குழாய், ஜல்லிமேல் ஜியோடெக்ஸ்டைல், அதற்குமேல் மண். நீர் மண்ணில் ஏறும் உயரம் ஏறக்குறைய 30 செ.மீ. தான் என்பதால் புதுக் கன்றுகளுக்கு வேர் இறங்கும்வரை மேலிருந்தும் ஊற்ற வேண்டும். இருக்கைகளின் மேல் கீரையும் பூச்செடியும், நடுவில் ஆழவேர்ச் செடி.

எடையை மறக்க வேண்டாம். 1.2 கன மீட்டர் ஈரமண் 1.8 டன் வரை வரும். தண்ணீர் நிரம்பிய ஸ்பாவின் எடையை அது தாண்டக்கூடும், எந்நாளும் இறங்காது. மரத்தளத்தின் மேல் நிற்கும் தொட்டியில் இதைச் செய்யாதீர்கள்.

மழைநீர்த் தொட்டியாக்கலாம், ஆனால் துளைகளை எல்லாம் அடைத்து, கொசு புகாமல் மூட வேண்டும். இவ்வளவு சிரமத்துக்கு ஒரு பிளாஸ்டிக் டேங்க் வாங்கிவிடலாம். குழந்தைகள் விளையாடும் மணல்குழியாக்க, நீர் வடியத் துளையும் மேலே மூடியும் இருந்தால் போதும்.

எதுவும் வேண்டாம் என்றால் வெட்டி எடுப்பதுதான். மின் இணைப்பை எலக்ட்ரீஷியன் துண்டித்த பிறகு பம்ப், ஹீட்டர், போர்டு, வால்வு, செம்பு ஒயர் ஆகியவற்றை முதலில் கழற்றுங்கள். இயங்கும் பம்புக்கும் போர்டுக்கும் அதே மாடல் வைத்திருப்பவர்களிடம் தேவை இருக்கும். ஓட்டை ரெசிப்ரோகேட்டிங் வாளால் ஆறு துண்டாக்கினால் இரண்டு பேர் தூக்கலாம். வெட்டும்போது நீர் தெளித்துக்கொண்டே இருந்தால் தூசி அடங்கும். பக்கப் பலகை மரத்தைச் சட்டென்று அடுப்பில் போட்டுவிடாதீர்கள். பழைய பதப்படுத்திய மரத்தில் ஆர்செனிக் இருக்கலாம், அதன் புகையும் சாம்பலும் நஞ்சு.